பேனா மாணவர் கையிலேயே இருக்கட்டும்

போன வாரம் எங்கள் பல்கலைக்கழக எழுத்து உதவி மேசைக்குப் புதிதாக வந்த உதவி விரிவுரையாளர் ஒருவர், முதலாம் வருட மாணவியின் ஒப்படையைத் தன் பக்கம் இழுத்து முதல் வரியிலிருந்தே திருத்தத் தொடங்கினார். மாணவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். எழுத்துப்பிழை, காற்புள்ளி பற்றியெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். எழுத்துக்கு உதவும் நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

நாமே எழுதிக் கொடுப்பது

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வரும் தவறு இது.

கொழும்பில் விஞ்ஞானம் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் உயர்தரம் வரை தமிழிலேயே படித்தவர்கள். கம்பஸுக்குள் கால் வைத்ததும் எல்லாம் ஆங்கிலம். அப்படி வந்த இறுதி வருட மாணவி ஒருத்தி, கொழும்பிலுள்ள பேரை வாவி நீரைப் பற்றிய ஆய்வறிக்கையைக் கொண்டுவந்தாள். பொஸ்பேற்று கூடிய இடங்களில் பாசியும் கூடுதலாகக் காணப்பட்டது என்பதுதான் அவள் எழுதியது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி நின்றது. நான் அதை நேராக்கினேன்: பொஸ்பேற்று கூடியதால் பாசி பெருகியது.

படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அவள் அளந்தது இரண்டே மாதங்கள். வெயில், வெப்பநிலை, நைதரசன் எதையும் அளக்கவில்லை. அது தெரிந்துதான் அவள் அவ்வளவு கவனமாக எழுதியிருந்தாள். வாய்மொழித் தேர்வில் "இதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்?" என்று கேட்டார்கள். என் வாக்கியத்துக்கு அவள் எப்படிப் பதில் சொல்வாள்? அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டி வந்தது, பட்டமும் பிந்தியது. "மிஸ், நான் அப்படி எழுதேல்லையே" என்று மட்டும் வந்து சொன்னாள்.

இப்போது தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்வேன். "இந்தப் பந்தியில என்ன சொல்ல வாறீங்கள்? தமிழில சொல்லுங்கோ." வாதம் ஒழுங்காக வந்துவிடும். சொன்னதை அவர்களே குறித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் மொழி. அதிலும் முதல் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பிழைகள் மட்டும். அனேகமாக ஒன்று ஆங்கிலத்தின் 'த' (the). தமிழில் அதற்கு நேரான சொல் இல்லாததால் எங்கே போடுவது என்று தெரியாது. மிச்சப் பக்கங்களில் அவர்களே தேடிப் பிடிப்பார்கள்.

நம் வேலை கையிலுள்ள எழுத்தைச் சீராக்குவதைவிட, எழுதுபவரைத் தேர்ந்தவராக்குவது என்று அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீபன் நோர்த் 1984இலேயே எழுதிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு நடந்த பிறகுதான் நான் அதை வாசித்தேன்.

கேள்வியை வாசிக்காமல் விடையைத் திருத்துவது

பல நேரம் சிக்கல் விரிவுரையாளர் கொடுத்த கேள்வியிலேயே இருக்கும். 'ஆராய்க' என்றால் சட்டத்தில் இரு பக்க வாதமும் வேண்டும். ஆய்வுகூட அறிக்கையில் முடிவுகள் ஏன் அப்படி வந்தன என்ற விளக்கம் வேண்டும். பிள்ளைக்கு இதை யார் சொன்னது? "சேர், நல்ல புள்ளி போடக்கூடிய விடை எப்படி இருக்கும்?" என்று ஒரு விரிவுரையாளரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் கேள்வியை எடுத்து மாற்றி எழுதினார்.

எல்லாத் துறைக்கும் ஒரே மேற்கோள் முறையைச் சொல்வது

உளவியலில் பெயரும் ஆண்டும், பொறியியலில் பெரும்பாலும் சதுர அடைப்புக்குள் இலக்கம். அந்தந்தத் துறையில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பிற எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் 'டர்னிட்டின்' (Turnitin) மென்பொருள் காட்டும் ஒப்புமை வீதத்தைத் தீர்ப்பாக எடுப்பது

வேண்டாம். அது ஒத்துப்போகும் சொற்களை எண்ணும், அவ்வளவுதான். முறையாகக் காட்டிய மேற்கோளும் அந்த எண்ணிக்கையில் விழலாம்.

விரிவுரையாளருக்கு உதவி தேவையில்லை என்று நினைப்பது

தேவை. ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்த நாளில் அவர்களுக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும். மூத்த விரிவுரையாளர் ஒருவர் அப்படி வந்த கட்டுரையை என்னிடம் காட்டினார். ஓரத்தில் 'தெளிவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. எதைத் திருத்துவது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் திருத்திய ஒப்படைகளில் அந்தச் சொல்லை நான் காணவில்லை. 'இங்கே யாரைச் சொல்கிறீர்?' 'எந்த வருடம்?' என்று கேட்டு எழுதுகிறார்.