வாசிகசாலை முற்றத்தில் உயிர்ச்சுவடு தோண்ட ஒரு பெட்டி

கொழும்பு இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலைக்கு எங்கட பிள்ளையளைக் கூட்டிப்போறதெண்டால் பஸ் காசே கட்டாது. அதனால உயிர்ச்சுவடு, அதாவது பழங்காலத்து உயிர்கள் கல்லில விட்ட தடயம், தேடிப் பழக வாசிகசாலையில ஒரு மேசையும் முற்றத்தில ஒரு மண்பெட்டியும் வைச்சிருக்கிறன்.

வெறுங்காணியில தோண்ட விடவே வேண்டாம். வன்னியில மிதிவெடி எடுத்து முடியாத இடம் இன்னும் கிடக்கு. நாலு பலகை அடிச்சு, கீழ பொலித்தீன் விரிச்சு, ஒரு சாண் உயரத்துக்கு மண் போட்டால் காணும்.

வவுனியாப் பக்கத்துக் கருங்கல்லில சுவடு தேடி மினக்கெடாதேங்கோ. அது நிலத்துக்கடியில வெப்பத்தாலயும் அழுத்தத்தாலயும் உருமாறின கல்லு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுதான் எங்களுக்குத் தோது. 50 இலட்சம் வருசத்துக்கும் முந்தின மயோசீன் காலத்துக் கடலடி அது. சிப்பி, சங்கு பதிஞ்ச துண்டுகள் அம்பிடும். ஆராவது வீடு இடிச்சால் கேட்டு வாங்குங்கோ. ஐமிச்சமெண்டால் தேசிக்காய்ப்புளி விட்டுப் பாருங்கோ: சுண்ணாம்புக்கல்லு நுரைக்கும், கருங்கல்லு சும்மா கிடக்கும். பிள்ளையளுக்கு இதுதான் பெரிய வித்தை, தோண்டுறதையே மறந்திடுவினம். உடைக்கிறது பெரியாக்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு.

துண்டு காணாட்டில் வார்க்கலாம். குளத்துக் களிமண்ணில முல்லைத்தீவுக் கரைச் சிப்பியை அமத்தி எடுங்கோ. சிப்பியில முதல் தேங்காயெண்ணெய் பூசவேணும். ஒரு கோப்பை தண்ணிக்குள்ள இரண்டு கோப்பை பிளாஸ்ரர் ஒஃப் பரிஸ் தூவிக் கலக்கி அந்தப் பள்ளத்தில ஊத்துங்கோ. இறுகேக்க சுடும், கையை விட விடாதேங்கோ.

பெட்டியை நிரப்பேக்க அடியில மணலும் சிப்பியும், மேல செம்மண்ணும் உடைஞ்ச பானைத் துண்டும் போடுங்கோ. முந்தினது கீழ, பிந்தினது மேல எண்டு பிள்ளையளே கண்டுபிடிக்கட்டும்.

பெட்டிக்குக் குறுக்கும் நெடுக்குமாய் நூல் கட்டி, கட்டத்துக்கு ஒரு பிள்ளை. ஆயுதம் பழைய பல்லுத்தேய்க்கிற பிறஸ்சும் சிரட்டையும். என்ர கண்டிப்பு ஒண்டுதான்: கண்டதைப் படம் கீறாமல் எடுக்கப்படாது. எந்தக் கட்டம், எவ்வளவு ஆழம், பக்கத்தில என்ன, எல்லாம் கொப்பியில வரவேணும். கீறாமல் பிடுங்கினால் அது புதையல் விளையாட்டு. சின்னனுகள் அழும், அழட்டும்.

மிஞ்சின பிளாஸ்ரரைக் கிணத்தடி வாய்க்காலில ஊத்தாதேங்கோ, இறுகி அடைச்சுப்போடும். பழைய பேப்பரில கொட்டிக் காயவிட்டுக் குப்பையில போடுங்கோ.