இலையைத் திருப்பிப் பாருங்கள், தெளிப்பான் அப்புறம்

காய்கறிச் செடிக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். வெயில், மழை, பறவை எல்லாவற்றுக்கும் ஒளிந்து பூச்சிகள் குடியிருப்பது அங்கேதான். மேலே தெரிகிற ஓட்டையையும் சுருட்டலையும் பார்த்து மருந்து வாங்கினால் பாதி நேரம் தப்பான மருந்துதான் வரும்.

காலையில் தண்ணீர் விடப் போகும்போதே இந்தச் சோதனையையும் முடித்துவிடுவேன். கையில் ஒரு கத்தரிக்கோல், சோப்புத் தண்ணீர் ஊற்றிய பழைய டப்பா, 10 மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ். என் வயதுக்கு லென்ஸ் இல்லாமல் சிலந்திப் பூச்சி (வீட்டுச் சிலந்தி இல்லை, இலைச் சாற்றை உறிஞ்சும் புள்ளி அளவு உயிர்) கண்ணில் படாது. முதலில் கொழுந்து, அடுத்து மொட்டு, அப்புறம் கீழ் இலைகளின் அடிப்பக்கம், கடைசியாக மண்.

மண்ணைப் பார்ப்பது என்றால் விரலை இரண்டாவது கணு வரை நுழைத்துப் பார்ப்பது. ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். விடும்போது வேருக்கு விடுங்கள். இரவெல்லாம் இலை நனைந்து கிடந்தால் பூஞ்சை வரும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டுகிற பழக்கம் இருந்தால் தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து உள்ளே அமுங்கும். காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது அது. அதற்குப் பூச்சிமருந்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள், என்ன செய்ய! தண்ணீரைச் சீராக விட்டு, காய்ந்த சருகை மண்மேல் மூடாக்காகப் போட்டாலே அடுத்து வரும் காய்கள் பெரும்பாலும் தேறிவிடும்.

தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா? எறும்பை விடுங்கள், மேலே பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும், இரண்டும் செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சிகள். அவை கழிக்கும் இனிப்புச் சாற்றுக்காகத்தான் எறும்பு ஏறுகிறது, அவற்றின் எதிரிகளை விரட்டிக் காவலும் காக்கிறது. அந்தச் சாறு படிந்த இலையில்தான் கரி பூசியதுபோல் கரும்பூஞ்சை படரும். அசுவினி ஆண் துணை இல்லாமலே குட்டி போடும், அந்தக் குட்டியும் சில நாளில் குட்டி போடும். ஆகவே நாலைந்து தெரியும்போதே விரலால் நசுக்குங்கள். நிறைய இருந்தால் குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள்; கீழே விழுந்ததில் பெரும்பகுதி திரும்ப ஏறாது. மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை உண்டு, தண்ணீர் மட்டும் போதாது. பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அள்ளிப் போட்ட செடியில்தான் அசுவினிக்குப் பிடித்த இளந்தளிர் அதிகம்.

மிளகாய் இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகுபோல் மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன் என்கிற மெல்லிய சின்னப் பூச்சி. கீழ்நோக்கி மடங்கி இலை குறுகிப்போனால் சிலந்திப் பூச்சி. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் உதவும். சிலந்திப் பூச்சிக்கு தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் நனையும் கந்தகத் தூள் நன்றாகக் கேட்கும், ஆனால் கடும் வெயில் நாளில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய்க்கும் கந்தகத்துக்கும் நடுவே 2 வாரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டாலும் கருகும்.

கத்தரியில் கொழுந்து மட்டும் தலை தொங்கினால் தண்ணீர்க் குறைவு என்று ஏமாறாதீர்கள். உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தண்டுக்குள் இருக்கும் புழுவைத் தெளிக்கிற மருந்து தொடாது, கத்தரிக்கோல்தான் தொடும். இலையடியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் இருந்தால் அந்த இலையோடு கிள்ளி எடுத்துவிடுங்கள். பொரித்துப் பரவிய பிறகு புழு பொறுக்குவது பெரிய வேலை.

பாகல், புடல், பீர்க்கு வகைகளில் பிஞ்சு மஞ்சளாகி அழுகினால் பழ ஈ. பெண் ஈ பிஞ்சுத் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். பூ காய்ந்து பிஞ்சு நிலைத்ததும் காகிதப் பையோ மெல்லிய துணியோ கட்டிவிட்டால் தீர்ந்தது. அழுகி விழுந்ததைக் கம்போஸ்ட் தொட்டியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகத்தான் வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள்.

சரி, வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். முதலில் 1 அல்லது 2 மில்லி மிதமான திரவச் சோப்பை எண்ணெயோடு கலக்கி, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பால் நிறம் வரும். துணி துவைக்கும் தூள் வேண்டாம், இலையைப் பொசுக்கும். இரண்டு மூன்று இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும்: அதில் பூச்சியை அடக்கும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துபோகும், பூவுக்கு வரும் தேனீயும் அதற்குள் கூடு திரும்பியிருக்கும். கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள். முட்டையை இது நம்பிக்கையாகக் கொல்லாது, அதனால் வாரம் ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டியிருக்கும். அடித்ததும் பூச்சி செத்து உதிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது தின்பதை விட்டு, வளராமல் மெதுவாகத்தான் போகும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இந்த நிதானம் பிடிக்காது. நகர்கிற எதையும் நசுக்கத் தயாராக இருப்பார். கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒன்று அசுவினிக் கூட்டத்தில் ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்கிறது, கை வைக்க வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பிப்போய்ப் பழுப்பாக அசையாமல் இருக்கும் அசுவினிக்குள் ஒரு குட்டிக் குளவி வளர்கிறது, அதையும் விட்டுவிடுங்கள். மங்கலான நிறத்தில் நிறையப் புள்ளிகளோடு கத்தரி இலையைச் சல்லடையாகச் சுரண்டும் வண்டும் அதன் மஞ்சள் முள் புழுவும் மட்டும் இவரிடம் தாராளமாகப் போகலாம்.

வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகிவிட்டால் மருந்து தேடாதீர்கள். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், குணமாகாது. மற்ற வெண்டைக்குப் பரவும் முன் பிடுங்கிவிடுங்கள், காய் இரண்டு தொங்கினாலும் சரி. மஞ்சள் ஒட்டு அட்டையைச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈ எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், கொஞ்சம் குறையவும் குறையும். கத்தரியும் தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பம், அவற்றின் நோய்களும் அப்படியே. ஒன்று முடிந்த மண்ணில் இன்னொன்றை வைக்காமல் அடுத்த முறை அவரையோ கீரையோ போடுங்கள்.