நாய் வாங்குமுன் மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் நின்று பாருங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து என் தங்கச்சி போன் செய்தாள். "அக்கா, பிள்ளைங்க ஹஸ்கிதான் வேணும்னு நிக்கிறாங்க. நீலக் கண்ணு இருக்குமே, அது. எங்க வாங்கலாம்?" நான் கடை எதையும் சொல்லவில்லை. "நாளைக்கு மதியம் இரண்டு மணிக்கு உன் கார் போர்ச்சில் ஃபேன் இல்லாமல் கால் மணி நேரம் நில். அப்புறம் கூப்பிடு" என்றேன்.

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் சின்னக் கடை நடத்துகிறேன். பதினாறு வருடமாகிறது. எந்த நாய் நல்லது என்று கேட்டு வருகிற எல்லோருக்கும் முதலில் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்போது வாயின் ஈரம் ஆவியாகும், அதில்தான் அதன் உடம்பு குளிரும். பினாங்கில் காற்றே ஈரமாக இருக்கிறது, அதனால் ஆவியாவதும் மெதுவாகிறது. நமக்குப் புழுக்கமாக இருக்கும் இடம் நாய்க்கு ஆபத்தான இடம்.

இடத்தைப் பார்த்தாயிற்று என்றால், அந்த இரண்டு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்று பாருங்கள். கணவனும் மனைவியும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, பிள்ளைகள் பள்ளி முடிந்து டியூஷன் என்றால் குட்டி வேண்டாம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது; தனிமையில் கத்தும், மேசைக் காலைக் கடிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு மூன்று வயதான, அமைதியான நாய்தான் பொருந்தும். தாத்தாவோ பாட்டியோ பகலில் இருந்தால் சரி. ஆனால் நாய் இழுத்தால் அவர்களால் தாங்க முடியுமா என்றும் யோசியுங்கள்.

கொண்டோ, அடுக்குமாடியில் இருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். நாய்க்கு உரிமம் வேண்டும்: தீவில் பினாங்கு மாநகர் கழகம், அக்கரையில் செபராங் பிறை மாநகர் கழகம். பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம் இருந்தால் நாய் வருமுன் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்வது அவர்களுக்கு மார்க்கக் கடமை. நாயைக் கயிறில்லாமல் வெளியே விடாமலிருப்பதும் அதன் கழிவை உடனே அள்ளுவதும் நம் கடமை. எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவும் நானும் பத்து வருடமாகப் பலகாரம் கொடுத்து வாங்குகிறோம், நாய் இருந்தும்.

இனி இனங்கள். என் கடைக்கு அதிகம் வருவது ஷிட்சூவும் பூடிலும். ஷிட்சூ மடியில் கிடக்கும், அதிகம் ஓட வேண்டாம், முடியும் அவ்வளவாக உதிராது. ஆனால் மூக்கு சப்பை, கண் வெளியே துருத்தியிருக்கும். மதியத்தில் ஃபேன் கட்டாயம், பல நாளில் ஏர்கோனும் வேண்டும். பக், ஃபிரெஞ்ச் புல்டாக் இரண்டும் இன்னும் கடினம். "குறட்டை விடுறது அழகா இருக்குக்கா" என்று சொல்வார்கள். அது மூச்சு வழி குறுகிப்போன சத்தம். நான் இரண்டு வருடம் குளிப்பாட்டிய ஒரு பக், தகரக் கூரைப் போர்ச்சில் ஒரே ஒரு மதியம் கட்டிக் கிடந்ததில் செத்துப்போனது. தண்ணீர்க் கிண்ணம் நிறைய இருந்ததாம். தண்ணீர் மட்டும் போதாது. பகல் முழுக்கக் குளிர்ந்த அறை தர முடியாத வீட்டுக்குச் சப்பை மூக்கு நாய் வேண்டாம்.

அடுக்குமாடிக்கு நான் மனதாரச் சொல்வது பூடில். ஆதியில் அது தண்ணீரில் குதித்து வேட்டைப் பறவையை எடுத்து வந்த நாய். உருவத்தைச் சின்னதாக்கி டாய் பூடில் ஆக்கினாலும் மூளை அதேதான். தினமும் ஏதாவது கற்றுக்கொடுங்கள். இல்லையென்றால் குரைப்பதையே வேலையாக்கிக்கொள்ளும். அதன் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். என் கடையில் 80 ரிங்கிட், வருடத்துக்கு ஒன்பது தடவை என்றால் 720. இதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோல்வரை சீப்பு இறங்க வேண்டும். மேலே மட்டும் வாரினால் அடியில் சிக்கு பாயாகிவிடும், அப்புறம் மழிப்பதைத் தவிர வழியில்லை.

பொமரேனியனுக்கு எலும்பு மெல்லிசு. சோபாவிலிருந்து குதித்தே கால் ஒடியும், ஓடி விளையாடும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை போடுங்கள். பீகிள் மோப்பத்தின் பின்னாலேயே போகும், ஊளையிடும்; சுவரொட்டிய வீடுகளில் சிரமம்.

கோல்டன் ரெட்ரீவரும் லாப்ரடாரும் பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும், குணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் முப்பது கிலோ நாய். விடியுமுன் ஒரு நடை, பொழுது சாய்ந்து ஒரு நடை தினமும் வேண்டும். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. லாப்ரடார்களில் பலவற்றுக்குப் பசி அடங்காததற்கு ஒரு மரபணுக் குறையே காரணம் என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். நாம் தோசை சாப்பிடும்போது அது பார்க்கிற பார்வையில் ஆளுக்கொரு துண்டு போடுவோம். எடை ஏறும், இடுப்பு மூட்டு போகும். வெங்காயமும் வெந்த கோழி எலும்பும் எந்த நாய்க்குமே ஆகாது.

திருட்டுப் பயத்தில் நம் ஆட்கள் அல்சேஷனையும் ரோட்வைலரையும் கேட்பார்கள். அல்சேஷன் என்கிற ஜெர்மன் ஷெப்பர்ட் ஆடு மேய்க்கப் பிறந்த நாய், நாள் முழுக்க வேலை கேட்கும். அதைச் சங்கிலியில் கேட்டோடு கட்டிப்போட்டால் காவல் கிடைக்காது. பயமும் கோபமும் வளர்ந்து ஒருநாள் வீட்டுப் பிள்ளையையே கடிக்கும். பயிற்சிக்கு நேரமும் பணமும் ஒதுக்க முடிந்தவர்கள் மட்டும் வளர்க்கட்டும்.

ஹஸ்கி சைபீரியப் பனியில் வண்டி இழுத்த நாய். இரண்டு அடுக்கு முடி அதற்கு. "மொட்டையடிச்சு விடுங்கக்கா, சூடு குறையும்" என்று கொண்டுவருவார்கள், நான் அடிக்க மாட்டேன். வெயில் நேராகத் தோலில் விழும், முடியும் சரியாகத் திரும்ப வளராமல் போகலாம்.

என் மனதுக்குப் பிடித்தது கம்போங் நாய், அதாவது நம் ஊர் நாட்டு நாய்தான். குட்டை முடி, நீண்ட மூக்கு, ஒல்லி உடம்பு, எல்லாமே இந்த வெயிலுக்கென்று அமைந்தது. அந்நிய ஆள் வந்தால் குரல் கொடுக்க வேறு இனம் தேவையில்லை. பகாங்கில் தெலோம் ஆற்றங்கரை ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் வளர்த்த நாய்களை 1960களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் தெலோமியன் என்று பெயர் வைத்து ஆராய்ந்தார்கள். நாம் அதே மண்ணின் நாயை ரோட்டில் விட்டுவிட்டு ஹஸ்கி தேடுகிறோம், எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தங்கச்சி மறுநாள் பத்து நிமிடத்திலேயே போன் செய்துவிட்டாள். இருவருமாக ஜாலான் ஜெட்டி ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்பிசிஏ என்கிற விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்துக்குப் போனோம். அங்கே செய்ய வேண்டியது இதுதான். கூண்டுக்கு முன் பக்கவாட்டில் குந்துங்கள், கையை நீட்டாதீர்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். தானாக வந்து முகர்கிற நாயைக் கவனியுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், அவர்கள் சத்தத்துக்கு அது ஒடுங்குகிறதா என்று பாருங்கள். குட்டியை வேறு எங்காவது வாங்குவதாக இருந்தால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தங்கச்சி வீட்டுக்குப் போனது மூன்று வயதுப் பெட்டை, பழுப்பு நிறம். பிள்ளைகள் மைலோ என்று கூப்பிடுகிறார்கள்.

வந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி அட்டை, கருத்தடை, உண்ணி மருந்து, கொசுவால் வரும் இதயப்புழுவுக்கு மருந்து எல்லாம் பேசி முடியுங்கள். 2015இல் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்து தெருநாய்களைக் கொன்றதை நாங்கள் மறக்கவில்லை. வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். பட்டையில் உங்கள் போன் எண்ணைப் பொறித்துவிடுங்கள். தீபாவளி விடியலுக்கு முந்தின இரவிலும், சீனப் புத்தாண்டில் ஹொக்கியன் சீனர்கள் வானக் கடவுளான தீ கோங்கைக் கும்பிட்டுப் பட்டாசு வெடிக்கும் இரவிலும் இருட்டும் முன்பே நாயை உள்ளே கொண்டுவந்து, சன்னல் குறைவான அறையில் ஃபேனைச் சுழலவிட்டு, கேட்டைப் பூட்டி, யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்காருங்கள்.