கிராஃபைட் மேல் வெள்ளி: கரைசலைத் திட்டுவதற்கு முன்னால்

மழை விட்டதும் எங்கள் குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் சேம்பிலையைப் பாருங்கள், தண்ணீர் பரவாது, மணி மணியாக உருண்டு நிற்கும். அடுக்கடுக்கான கார்பனான கிராஃபைட்டைக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தும்போது அதன் மேல் வெள்ளியோ தங்கமோ பிளாட்டினமோ படிவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். உலோக அணுவுக்குக் கார்பனை விடத் தன் இனத்தோடு ஒட்டத்தான் இஷ்டம், அதனால் தீவு தீவாக வளரும். வோல்மர்-வெபர் வளர்ச்சி என்பது இதுதான். இது தெரியாமல் 'சீரான படலம் வரமாட்டேங்குதே' என்று கரைசலின் செறிவை மாற்றி மாற்றிப் பார்ப்பது முதல் தவறு.

அடுத்தது, பரப்பு முழுக்க ஒரே மாதிரி என்று நம்புவது. கிராஃபைட்டின் ஒரு அடுக்கு 0.335 நானோமீட்டர் தடிமன். அது முடிகிற விளிம்பில்தான் அணுக்களுக்குப் பிடிமானம், அதனால் துகள்கள் அங்கே மாலை கோத்தது போல வரிசையாக உட்காரும், நடுவில் உள்ள சமதளம் வெறிச்சென்று கிடக்கும். அந்த வரிசையை மட்டும் படம் பிடித்து 'நானோ கம்பி' என்று எழுதிவிடாதீர்கள். மேலடுக்கை டேப் ஒட்டி உரித்தெடுத்த புதுப் பரப்பை உடனே பயன்படுத்துங்கள், டீ குடித்துவிட்டு வருவதற்குள் காற்றிலுள்ள ஹைட்ரோகார்பன் அதில் படிந்துவிடும்.

என் தவறையும் சொல்கிறேன். வெள்ளி நைட்ரேட் கரைசலில், உள்ளே பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய ஒப்பீட்டு மின்வாயை (மின்னழுத்தத்தை இதோடு ஒப்பிட்டுத்தான் அளப்போம்) நேரடியாக முக்கிவிட்டு, கரைசல் ஏன் பால் போல் கலங்குகிறது என்று இரண்டு நாள் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கசிந்த குளோரைடு வெள்ளியைப் பிடித்து வெள்ளி குளோரைடாக்கிவிட்டது. நடுவே நைட்ரேட் உப்புப் பாலம், அதாவது குளோரைடைத் தள்ளி நிறுத்தி மின்தொடர்பை மட்டும் தரும் நைட்ரேட் கரைசல் குழாய், வைத்ததும் தெளிந்தது. கடலோரக் கிணற்று நீரில் பாத்திரம் கழுவினாலும் இதே கதைதான், கடைசியில் அயனி நீக்கிய நீரில் அலசியே ஆக வேண்டும்.

மின்னழுத்தத்தில் பலரும் பொறுமை இழக்கிறார்கள். அதிகம் கொடுத்தால் கருக்கள், அதாவது துகள் வளரத் தொடங்கும் குட்டி அணுக்கூட்டங்கள், நிறையப் பிறக்கும், ஆனால் அதையே தொடர்ந்தால் பக்கத்துத் துகள்கள் அயனிக்குப் போட்டி போட்டு, சில கொழுத்து, சில மெலிந்து, கிளை கிளையாகவும் ஆகிவிடும். சில மில்லிவினாடி மட்டும் பலமாக ஒரு துடிப்பு, அப்புறம் குறைத்து மெதுவாக வளர்ப்பது நல்லது.

படம் எடுக்கும் முன் நன்றாக அலசுங்கள், காய்ந்த உப்பும் துகள் போலவே தெரியும். நுண்ணிய முனையால் பரப்பின் மேடுபள்ளத்தை அறியும் அணுவிசை நுண்ணோக்கியில், முனை பரப்பைத் தொட்டே நகரும் முறையும் வேண்டாம், கார்பன் மேல் பிடிப்பில்லாத துகள்களை அது ஓரத்துக்குத் தள்ளிவிடும்.