கடலோர வீட்ல எலக்ட்ரோஸ்டாட்டிக், ரிப்பன் ஸ்பீக்கர்: எப்படி காப்பாத்தறது, எப்படி ரிப்பேர் பண்றது

வடசென்னைல ராயபுரம், காசிமேடு, திருவொத்தியூர் பக்கம் இருக்கவங்க செகண்ட் ஹேண்ட்ல ஒரு குவாட் இல்லன்னா மார்ட்டின் லோகன் கம்பெனி எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வாங்கி வச்சா, ஒரு மழைக்காலம் தாண்டினதும் கேக்கற முதல் கேள்வி, "ஒரு பக்கம் சத்தம் கம்மியா வருது, பேனல் செத்துடுச்சா?" அவசரப்பட்டு பேனல கழட்டாதீங்க, காயலான் கடைக்கும் போட்டுடாதீங்க. நம்ம ஏரியால இந்த ஸ்பீக்கர்லாம் பாட்டு போட்டு கெடறத விட காத்துல கெடறது தான் ஜாஸ்தி, அந்த காத்து என்ன பண்ணுதுன்னு புரிஞ்சிட்டா எங்க கை வைக்கணும்னு தானா தெரிஞ்சிடும்.

முதல்ல உங்க கிட்ட இருக்கறது எந்த வகைன்னு பாருங்க. சுவத்துல பிளக் போட வேண்டியிருந்தா அது எலக்ட்ரோஸ்டாட்டிக். ஓட்டை போட்ட ரெண்டு தகடு (ஸ்டேட்டர்னு சொல்வாங்க), நடுவுல தலைமுடியை விட பல மடங்கு மெல்லிசான மைலார் ஃபிலிம், அந்த ஃபிலிமுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் சார்ஜ், அது தான் பயஸ். இந்த தகடும் ஃபிலிமும் சேந்தது தான் பேனல். ஆம்ப்லேர்ந்து வர்ற பாட்ட ஒரு ஸ்டெப் அப் ட்ரான்ஸ்ஃபார்மர் ஏத்தி ரெண்டு தகட்டுக்கும் குடுக்கும். 1957ல வந்த குவாட் இஎஸ்எல் மாடல்ல ட்வீட்டர் (கீச்சு சத்தம்) பேனலுக்கு 1500 வோல்ட், பேஸ் (அடி சத்தம்) பேனலுக்கு 6000 வோல்ட், 1981ல வந்த இஎஸ்எல் 63ல 5250 வோல்ட். பிளக்கே இல்லாம ஆம்ப் வொயர் மட்டும் போதும்னா அது மேக்னபேன் மாதிரி ப்ளேனார், ஃபிலிம் மேல மெல்லிசு கம்பிய ஒட்டி காந்தத்துக்கு முன்னாடி நிறுத்தியிருப்பாங்க. நிஜ ரிப்பன்ல ஃபிலிமே கிடையாது, வெறும் அலுமினியத் தாள் காந்தத்துக்கு நடுவுல தொங்கும்.

இப்ப காத்து விஷயத்துக்கு வர்றேன், இது தான் முக்கியம். கோடைல மத்தியானம் கடல் காத்து உள்ள வரும்போது சுகமா தான் இருக்கும், ஆனா அதுல வர்ற உப்பு எல்லாத்து மேலயும் உக்காருது. உப்பு காஞ்சு கிடக்கற வரைக்கும் பெரிய தொந்தரவு இல்ல, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுச்சுன்னா அதுவே தண்ணிய இழுத்து கரைய ஆரம்பிச்சிடும், கரைஞ்ச உப்புத் தண்ணி கரண்ட் கடத்தும், அப்ப ஃபிலிமோட ஓரத்துல பயஸ் வோல்டேஜ் கசிஞ்சு போய்டும். அதனால தான் மே மாசம் அருமையா பாடின அதே ஸ்பீக்கர் ஐப்பசி அடைமழைல மூச்சு இழுக்குது. பேனல்ல எந்த உடைப்பும் இல்லாமலே சத்தம் விழும், காஞ்சதும் திரும்பி வரும். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்னு வாங்கி ஸ்பீக்கர் பக்கத்துல வைங்க, விலை ரொம்ப கம்மி, அது 60லேர்ந்து 65க்குள்ள நின்னா நீங்க நிம்மதியா இருக்கலாம். ஏசிய ட்ரை மோடுல போட்டா இறங்கும், இல்லன்னா டீஹ்யூமிடிஃபையர்.

உப்போட சேந்து நம்ம பக்கத்து தூசியும் இருக்கு. ஹார்பர்ல நிலக்கரி இறக்கறது கோர்ட் உத்தரவால 2011ல நின்னு எண்ணூருக்குப் போனதுல ராயபுரத்துக்காரங்களுக்கு கொஞ்சம் விடிவு, ஆனா எண்ணூர் பக்கம் சாம்பலும் கரியும் இன்னும் பறக்குது, கரித்தூள் கரண்ட் கடத்தற சாமான், சார்ஜ் ஏறின ஃபிலிம் அத வா வான்னு இழுக்கும். லேத் பட்டறை, வெல்டிங் கடை பக்கத்துல வீடு இருந்தா மேக்னபேன், ரிப்பன் ரெண்டுக்கும் ஆபத்து, இரும்புத் துகள் காந்தத்துல போய் ஒட்டிகிட்டு ரிப்பன உரசும். போகி அன்னைக்கு விடியக்காலைல ஜன்னல் எல்லாம் சாத்தி, பிளக்க உருவி, காட்டன் துணி போட்டு மூடிடுங்க. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீங்க, உள்ள ஈரம் மாட்டிக்கும்.

எப்பவும் ஆன்லயே வைக்கணுமா ஆஃப் பண்ணணுமான்னு ஒரு சண்டை உண்டு. என் அபிப்பிராயம், நம்ம ஊருக்கு கேக்காத நேரம் ஆஃப் தான், ஏன்னா சார்ஜ் இருக்கற வரைக்கும் தூசி இழுத்துகிட்டே இருக்கும். மழைக்காலத்துல மட்டும் கேக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடியே ரூம காய வச்சு, அப்பறம் ஆன் பண்ணுங்க. புது மார்ட்டின் லோகன்ல பாட்டு நின்னதும் சார்ஜ் தானா இறங்கிடும், அதுக்கு இந்தக் கவலை இல்ல.

சுத்தம் பண்றதுக்கு பிளக்க உருவி ஒரு ராத்திரி விட்டுட்டு, மெல்லிசு பிரஷ் மாட்டின வேக்குவம் கிளீனரால இழுங்க. ஊதற ப்ளோயர் வேணவே வேணாம், அது வெளிய இருக்கற தூசிய உள்ள தள்ளும். காலின் மாதிரி தண்ணி சாமானும் கூடாது. இது மார்ட்டின் லோகனுக்கு. பழைய குவாட்ல வெளித் தகட்டுக்கு உள்ள மெல்லிசு தூசி ஷீட் ஒன்னு இருக்கும், அதுல வேக்குவம் வச்சா கிழிஞ்சிடும். ரிப்பனுக்கு எதுவுமே கூடாது, வாயால கூட ஊதாதீங்க, ஒரு ஊதுல தாள் இழுபட்டு தொங்கிடும்.

ரிப்பேருக்கு போறதுக்கு முன்னாடி ஷாக் பத்தி சொல்லியே ஆகணும். பயஸ் வோல்டேஜ் அதிகம்னாலும் அதுக்கு முன்னாடி பெரிய ரெசிஸ்டர் இருக்கறதால கரண்ட் ரொம்ப கம்மி, கொசு பேட் மாதிரி சுளீர்னு குத்தும். உயிருக்கு ஆபத்தானது ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மரோட செகண்டரி (தகட்டுக்கு போற பக்கம்), பாட்டு ஓடும்போது அதுல பல ஆயிரம் வோல்ட் இருக்கும், பின்னாடி ஆம்போட பலம் முழுசும் நிக்கும். அதனால மூடி கழட்டி வச்சிட்டு பாட்டு போட்டு பாக்கற வேலையே கூடாது. பிளக், ஆம்ப் வொயர் ரெண்டையும் உருவிட்டு, ஒரு ராத்திரி விட்டு, அப்பவும் பிவிசி பைப் நுனில கட்டின ஒரு மெகாஓம் ஹை வோல்டேஜ் ரெசிஸ்டரால கிரவுண்டுக்கு சார்ஜ இறக்கிட்டு தான் கை வைக்கணும். ஈரத் தரைல வெறுங்காலோட நிக்காதீங்க, வீட்ல இன்னொரு ஆள் இருக்கும்போது பண்ணுங்க.

சத்தம் கம்மின்னா முதல்ல ஆம்ப்ல லெஃப்ட் ரைட் வொயர மாத்திப் போடுங்க, பிரச்சனை மாறிடுச்சுன்னா ஸ்பீக்கர் மேல தப்பே இல்ல. மாறலன்னா ரூம ஒரு நாள் முழுக்க காய வைங்க, ஹேர் ட்ரையர தள்ளி வச்சு லேசான சூடு குடுங்க. சரியாச்சுன்னா அது ஈரம். பாட்டே போடாம டிக் டிக்னு தட்டற சத்தம் வந்தா தூசியோ ஈரமோ வழியா கசிவு. சத்தமா வச்சா மட்டும் படபடன்னு வெடிச்சா அது ஆர்க்கிங், ரூம இருட்டாக்கிட்டு முன்பக்கம் பாத்தா நீலப் பொறி எங்க வருதுன்னு தெரியும். ஆன் பண்ணி மணிக்கணக்கா மெதுவா சத்தம் ஏறுதுன்னா பயஸ் குடுக்கற பவர் சப்ளையோ கசியற பேனலோ தான் காரணம்.

இதுல எதுன்னு பிரிக்க ஒரு வழி இருக்கு. சார்ஜ இறக்கிட்டு பேனலுக்கு போற பயஸ் வொயர ஒவ்வொன்னா கழட்டி, நுனிய நல்லா இன்சுலேட் பண்ணி தள்ளி வச்சு, மூடிய திரும்ப போட்டு மத்த பேனல்ங்கள பாட விட்டுப் பாருங்க. பழைய இஎஸ்எல்ல ஒரு ட்வீட்டர் ரெண்டு பேஸ், 63ல நாலு பேனல். எத கழட்டினதும் மத்ததுக்கு உசுரு வருதோ அதுல தான் கசிவு, எத கழட்டியும் வரலன்னா பவர் சப்ளை. சாதாரண மல்டிமீட்டர பயஸ்ல வைக்காதீங்க, மீட்டர் 1000 வோல்டுக்கு மேல செத்துடும், அது மட்டுமில்ல, அதோட 10 மெகாஓம் இன்புட்டே வோல்டேஜ இழுத்து கீழ தள்ளிடும். 1 கிகாஓம் ஹை வோல்டேஜ் ப்ரோப் வேணும், அதுவும் கொஞ்சம் இழுக்கும்ங்கறதால நம்பர நம்பறத விட லெஃப்ட் ரைட் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.

பவர் சப்ளைன்னா சந்தோஷப்படுங்க, ஏன்னா அது டயோடும் கெபாசிட்டரும் ஏணி மாதிரி அடுக்கி வோல்டேஜ படிப்படியா ஏத்தற சாதாரண மல்டிப்ளையர், ரிச்சி ஸ்ட்ரீட்ல எல்லா சாமானும் கிடைக்கும். ஒன்னு ரெண்டு மட்டும் மாத்தாம மொத்தமா மாத்துங்க, ஒன்னு கசிஞ்சா மத்ததும் அதே வயசு தான. 1என்4007 டயோட் 1000 வோல்ட் தான் தாங்கும், ஒரு படில அதுக்கு நெருக்கமா வருதுன்னா ரெண்டு சீரிஸ்ல போடுங்க, கெபாசிட்டர் ரேட்டிங்கும் ஒரு படில வர்ற வோல்டேஜுக்கு மேல தாராளமா இருக்கணும். சால்டர் வைக்கறப்ப கூர் கூரா நுனி விடாதீங்க, அந்த நுனிலேர்ந்து காத்துல கரண்ட் கசியும், உருண்டையா பளபளன்னு இருக்கணும். ஃப்ளக்ஸ் (சால்டர் புடிக்க போடற பசை) கறைய ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நல்லா கழுவி, முழுசா காய விட்டு, ஹை வோல்டேஜ் வார்னிஷ் அடிங்க. உப்புக் காத்துக்கு இந்த வார்னிஷ் தான் கவசம், இத விட்டுட்டா ரெண்டு மழைக்காலம் கூட தாங்காது.

பேனல் கசியுதுன்னா முதல்ல தூசி ஷீட்ட பாருங்க. கிழிஞ்சிருந்தா மெல்லிசு மைலார ஃப்ரேம்ல டபுள் டேப்பால ஒட்டி, ஹீட் கன்ன தள்ளி புடிச்சு மெதுவா காட்டினா விறைப்பா ஆகிடும். கிச்சன்ல சாப்பாடு மூடற ஃபிலிம் போடாதீங்க, அது விறைக்காது, பேஸ்ல படபடன்னு அடிக்கும். மைலார் வாங்கும்போது ஒன்னு கவனிங்க, மோட்டார் ரீவைண்டிங் கடைல கேட்டா குடுக்கறது நமக்கு வேண்டியத விட பத்து மடங்குக்கும் மேல கனம். நமக்கு வேணும்ங்கறது 4லேர்ந்து 12 மைக்ரான். ஆனா அதே கடைல கிடைக்கற இன்சுலேட்டிங் வார்னிஷ், ஆர்க் அடிச்சு கருகின ஸ்டேட்டர் இடத்துக்கு நல்லா உதவும், கரிய மொத்தமா சுரண்டி எடுத்துட்டு பூசணும், கரி மிச்சமிருந்தா திரும்ப அங்கயே அடிக்கும்.

மெயின் ஃபிலிமே மாத்தறதுன்னா பொறுமை வேணும், பழைய குவாட்டோட ட்வீட்டர் பேனல்ல போய் கத்துக்காதீங்க, முதல்ல ஒரு பேஸ் பேனல். தூசி இல்லாத இடம் தேடறதுக்கு ஒரு நல்ல வழி, பாத்ரூம் சுவரெல்லாம் தண்ணி அடிச்சு தூசிய அடக்கிட்டு, தரைய துடைச்சு, நல்லா காஞ்சதும் ஃபேன் இல்லாம அங்க வச்சு ஒட்டறது. ஃபிலிம எல்லா பக்கமும் ஒரே அளவு இழுத்து ஒட்டணும், தொய்வா இருந்தா சார்ஜ் ஏறினதும் ஒரு தகட்டுல போய் ஒட்டிக்கும். மேல பூசறதுக்கு கிராஃபைட் தூள பஞ்சால தேச்சு, அப்பறம் இருக்கா இல்லயான்னு தெரியாத அளவுக்கு துடைச்சு எடுக்கணும். சாதாரண மீட்டர் 20 மெகாஓம் ரேஞ்ச்ல எந்த நம்பரும் காட்டக் கூடாது. நிறைய பூசினா நல்லா கடத்தும்னு நினைப்பாங்க, அது தான் ஆபத்து, சார்ஜ் எல்லாம் தகட்டுக்கு கிட்ட போற ஒரே இடத்துக்கு ஓடிப்போய் அங்க பொறி அடிச்சு ஃபிலிம்ல ஓட்டை போட்டுடும். ஓரத்துல பூசாம விளிம்பு விடுங்க, பயஸ் கனெக்‌ஷன் காப்பர் டேப் பூச்ச தொடற இடம் மட்டும் தான் விதிவிலக்கு.

மேக்னபேன்ல நோய் வேற. சில நோட்டுக்கு மட்டும் ஜிர்ருன்னு அதிருதுன்னா, கம்பி ஃபிலிம விட்டு வந்துடுச்சு, வெயிலும் ஈரமும் பட்டு பசை செத்திருக்கும். துணிய கழட்டி, கம்பிய வளைக்காம பழைய பசைய எடுத்துட்டு, மெல்லிசா புதுப் பசை வச்சு திரும்ப ஒட்டணும், கனமா பூசினா ஹை ஃப்ரீக்வென்சி மங்கிடும். கம்பி அலுமினியம்னா உப்புல வெள்ளப் பொடியா அரிச்சு அறுந்திருக்கும், சாதாரண ஈயம் அதுல புடிக்காது, க்ரிம்ப் பண்றது (குழாய்ல சொருகி நசுக்கி இணைக்கறது) தான் நிக்கும். ட்வீட்டர் சத்தமே இல்லன்னா பின்னாடி ஃப்யூஸ பாருங்க. போயிருந்தா அதே ஆம்பியர் தான் போடணும், சிகரெட் பாக்கெட் ஃபாயில் சுத்தறது, பெரிய ஃப்யூஸ் போடறது, ரெண்டும் ட்வீட்டர கொல்ற வேலை. காந்தத்துல ஒட்டின இரும்புத் துகள மடிச்ச டேப்பால தொட்டு எடுங்க, இரும்பு ஸ்க்ரூட்ரைவர் பக்கத்துலயே வரக் கூடாது, இழுத்துகிட்டு ஃபிலிம்லயோ ரிப்பன்லயோ போய் குத்தும்.

அப்போஜி மாதிரி பெரிய ரிப்பன் கிடைச்சா (கம்பெனிய எப்பவோ மூடிட்டாங்க) அதுல முதல்ல போறது ஓரத்து ஃபோம், தொட்டா மாவா உதிரும், அது உதிர்ந்தா தான் அதிர்வு சத்தம் வரும். ரிப்பன் நல்லாருந்தா ஃபோம் மட்டும் மாத்தினா போதும். சிண்டில்லா மாடல ஒரு ஓம்ல இறக்கி வச்சிருந்தா வீட்டு ஆம்ப் எதுவும் தாங்காது, 4 ஓமுக்கு மாத்திட்டு போடுங்க.

ஆம்ப் விஷயமும் இதோட சேந்தது தான். பழைய குவாட் இஎஸ்எல் 33 வோல்ட் பீக் தான் தாங்கும், 8 ஓம் கணக்குல 68 வாட் வரும். மைக்செட் ஆம்ப் போட்டு கல்யாண சத்தம் வச்சா ட்வீட்டர் பேனல் அன்னைக்கே போய்டும். ஹை ஃப்ரீக்வென்சில அதோட இம்பீடன்ஸ் (ஆம்புக்கு காட்டற தடை) 2 ஓமுக்கு கீழ இறங்கும், அந்த லோட தாங்காத மலிவு ஆம்ப் நிலை தடுமாறிடும். அமெரிக்காலேர்ந்து கொண்டு வந்த 120 வோல்ட் மார்ட்டின் லோகன்ன பிளக் பொருந்துதேன்னு நம்ம 230ல சொருகாதீங்க, ஸ்டெப் டவுன் வைங்க.

வேலை முடிச்சு மூடினதும் உடனே பாட்டு போட வேணாம். வெறும் பயஸ் மட்டும் ஆன் பண்ணி ஒரு ராத்திரி விடுங்க, காது குடுத்து கேளுங்க, டிக் டிக் இல்லன்னா மறுநாள் மெதுவான வால்யூம்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. இஎஸ்எல் 63ல பவர் சப்ளை போர்டுல ஒரு சின்ன நியான் பல்பு இருக்கும், மினுக்கறது ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே நிதானத்துல இருந்தா நல்லது, ஒன்னுல மட்டும் அடிக்கடி மினுக்குச்சுன்னா அதுல இன்னும் கசிவு இருக்கு, திரும்பவும் காய வைக்கறதுலேர்ந்து ஆரம்பிங்க.