சாதா டார்ச்சுக்கு நல்ல டிரைவர் போடுறப்ப எங்கெல்லாம் சறுக்குது

மலிவா கிடைக்கிற எல்இடி டார்ச்ச பிரிச்சு, உள்ள இருக்கற போர்ட தூக்கிட்டு நல்ல டிரைவரும் (எல்இடிக்கு போற கரண்ட்ட கட்டுப்படுத்தற குட்டி போர்டு) நல்ல எல்இடியும் போட்டா அது வேற டார்ச்சாவே ஆயிடும், அதுல சந்தேகமே இல்ல, நானே நிறைய பண்ணியிருக்கேன். ஆனா முதல் தடவை பண்றவங்க பெரும்பாலும் ஒரே இடத்துலதான் தப்பு பண்றாங்க. எவ்வளவு கரண்ட் குடுக்கலாம்ங்கறத டிரைவர பாத்து முடிவு பண்றாங்க. அத முடிவு பண்ண வேண்டியது டார்ச்சோட உடம்பும் செல்லும்தான். சூடு எந்த வழியா வெளிய போகும், செல் எவ்வளவு தாங்கும், இந்த ரெண்டும் தெரிஞ்சப்புறம் டிரைவர ஆர்டர் பண்ணுங்க.

பழைய சர்க்யூட் ஏன் அப்படி இருக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். மூணு ட்ரிபிள் ஏ செல் போடுற டார்ச்ச தொறந்தா பல நேரம் உள்ள டிரைவர்னு ஒண்ணுமே இருக்காது, ஒரு சின்ன ரெசிஸ்டர், சில சமயம் அதுவும் கிடையாது, செல்லுல இருந்து நேரா எல்இடிக்கு ஒயர் போகும். வெள்ளை எல்இடிக்கு சுமார் 3 வோல்ட் போதும், மூணு செல் சேந்தா 4.5 வோல்ட், அப்புறம் ஏன் அது கருகலன்னா, அந்த சின்ன அல்கலைன் செல்லுக்குள்ளயே இருக்கற ரெசிஸ்டன்ஸ்தான் கரண்ட்ட புடிச்சு வச்சிருக்கு. இது தெரியாம செல் ஹோல்டர தூக்கிட்டு அதே எடத்துல ஒரு 18650 லித்தியம் செல்ல (18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் இருக்கற ரீசார்ஜ் செல்) போட்டுடறாங்க, ஃபுல் சார்ஜ்ல அது 4.2 வோல்ட்தானே, 4.5 விட கம்மிதானேன்னு கணக்கு. ஆனா லித்தியம் செல்லுக்கு உள் ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மி, கேட்ட கரண்ட்ட அள்ளி குடுத்துடும். 5 மில்லிமீட்டர் குட்டி எல்இடி ஒன்பது வச்ச டார்ச்சுல ஒவ்வொண்ணும் 20 மில்லி ஆம்பியர் கணக்கு, மொத்தமே 180 மில்லி ஆம்பியர்தான். அதுல லித்தியம் போட்டா முதல் நிமிஷம் பிரமாதமா தெரியும், அப்புறம் வெளிச்சம் நீலமா மாறும். நீலம் அடிச்சா கரண்ட் ஓவரா போகுதுன்னு அர்த்தம், உடனே அணைச்சிடுங்க.

டிரைவர் வாங்கறப்ப செல் வோல்டேஜ், எல்இடி வோல்டேஜ் ரெண்டையும் பக்கத்துல எழுதி வச்சு பாருங்க. ஒரு டபுள் ஏ செல்லு 1.5 வோல்ட், அதுக்கு ஏத்தி குடுக்கற பூஸ்ட் டிரைவர் வேணும். ஒரு லித்தியம் செல்லும் 3 வோல்ட் எல்இடியும்னா ஏஎம்சி7135 சிப் வச்ச லீனியர் டிரைவர் (மிச்ச வோல்டேஜ சூடாக்கி கரண்ட்ட ஒரே அளவுல வைக்கறது) போதும், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் இததான் சொல்லுவேன், சிம்பிளா இருக்கும், தப்பு நடந்தாலும் கண்டுபிடிக்கலாம். ஒரு சிப்பு 350 மில்லி ஆம்பியர் விடும், நாலு சிப்பு இருந்தா 1.4 ஆம்பியர், எட்டு இருந்தா 2.8. இதே போர்டுல ரெண்டு லித்தியம் செல்ல வரிசையா போட்டு 8.4 வோல்ட் குடுத்தீங்கன்னா சிப்பு காலி, அதுக்கு அந்த வோல்டேஜ் ஆகாது. எல்இடிலயும் கவனம் வேணும், பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் சிலது 3 வோல்ட், சிலது 6 வோல்ட், சிலது 12 வோல்ட். 6 வோல்ட் எல்இடிய ஒரு செல்லு, லீனியர் டிரைவரோட சேத்துட்டு, வோல்டேஜ் பத்தாம எரியாததால போர்டு டெட்னு தூக்கி போட்டவங்க இருக்காங்க, பாவம் போர்டு நல்லாத்தான் இருந்திருக்கும்.

சரி, எட்டு சிப்பு போர்டே வாங்கிடலாமேன்னு தோணும். 2.8 ஆம்பியர்ல எல்இடி மட்டும் 9 வாட் கிட்ட இழுக்கும், அதுல பாதிக்கு மேல சூடாத்தான் மாறும். செல் ஃபுல்லா இருக்கறப்ப மிச்ச வோல்டேஜ லீனியர் டிரைவர் தன் பங்குக்கு சூடாக்கும், அது இன்னும் ஒரு ரெண்டு வாட். இவ்வளவும் ஒரு கட்டை விரல் சைஸ் எடத்துல. எல்இடியும் டிரைவரும் உக்கார்ற உலோக குப்பிய பில்னு சொல்லுவாங்க, மலிவு டார்ச்சுல அந்த பில்ல திருப்பி பாருங்க, நடுவுல வெறும் ஓட்டையா இருக்கும், எல்இடி போர்டு ஓரத்துல ஒரு மெல்லிசு வளையத்துல மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். சூடு போக வழியே இல்ல. அங்க சரியா பொருந்தற மாதிரி ஒரு செம்பு இல்லன்னா அலுமினிய வட்டத்த வெட்டி வச்சு மேல தெர்மல் பேஸ்ட் தடவி எல்இடி போர்ட அழுத்தி உக்கார வைங்க. பேஸ்ட் மெல்லிசாதான் இருக்கணும், உலோகமும் உலோகமும் சேராத சின்ன இடைவெளிய நிரப்பதான் அது, தடியா அப்புனா அதுவே தடுப்பாயிடும். பில்லே பிளாஸ்டிக்கா இருந்தா ஒரு சிப்புக்கு மேல போகாதீங்க. ஏற்கனவே எட்டு சிப்பு போர்டு வாங்கிட்டீங்கன்னா நாலு சிப்ப கழட்டிட்டா 1.4 ஆம்பியர் ஆயிடும். பாதி ஆயிடுச்சேன்னு வருத்தப்பட வேண்டாம், கண்ணுக்கு அது பாதியா தெரியவே தெரியாது, கொஞ்சம் கம்மின்னுதான் தெரியும், ஆனா செல் ரெண்டு மடங்கு நேரம் நிக்கும், கையும் சுடாது.

இப்ப நான் பண்ண தப்பு ஒண்ணு. எல்லாம் சால்டர் பண்ணி முடிச்சு, ரிஃப்ளெக்டர் இல்லாம டெஸ்ட் பண்ணா அழகா எரிஞ்சுது, ரிஃப்ளெக்டர வச்சு தலைய முறுக்கினதும் அணைஞ்சுடுச்சு. டிரைவர் போச்சுன்னு நெனச்சு திரும்ப திரும்ப சுவிட்ச அமுக்குனேன், பின்னாடி வால் பக்கம் சூடு ஏற ஆரம்பிச்சுது, தொறந்து பாத்தா ஸ்பிரிங் தொட முடியாத சூடு, அமுங்கி போயிருந்துது. என்ன ஆச்சுன்னா, எல்இடி போர்டுல ஒயர் வச்ச ஈயம் மேடா நின்னுருந்துது, அலுமினிய ரிஃப்ளெக்டரோட அடிப்பக்கம் அது மேல இடிச்சு பாசிட்டிவ நேரா பாடியோட சேத்துடுச்சு, பாடிதான் நெகட்டிவ், ஆக லித்தியம் செல்லு முழுசா ஷார்ட். ரிஃப்ளெக்டருக்கு அடியில ஒரு இன்சுலேஷன் வளையம் இருக்கும், பிரிக்கறப்ப அத குப்பையில போட்டுடாதீங்க. இல்லன்னா கேப்டன் (Kapton) டேப்ப, அதாவது சூடு தாங்கற இன்சுலேஷன் டேப்ப, வட்டமா வெட்டி ஒட்டுங்க, ஈயத்த தட்டையா வைங்க, ஒயர பக்கவாட்டுல கொண்டு போங்க. மூடினப்புறம் செல்ல போடறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல எல்இடி பாசிட்டிவ் ஒயருக்கும் பாடிக்கும் நடுவுல பீப் வருதான்னு பாத்துக்கங்க, பத்து செகண்ட் வேலை.

சால்டரிங்ல ஒரு விஷயம். எல்இடி போர்ட பில்லுல ஒட்டின பிறகு ஒயர் வைக்க பாக்காதீங்க, மொத்த உலோகமும் சூட்ட இழுத்துக்கும், ஈயம் உருகாம உருண்டை உருண்டையா நிக்கும், நீங்க அயர்ன அழுத்தி புடிச்சுக்கிட்டே இருப்பீங்க, கடைசில எல்இடிதான் வேகும். தனியா வெளிய வச்சு ஒயர் வைக்கற ரெண்டு பேடுக்கும் ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா ஒட்டறதுக்கு தடவற பசை) தடவி ஈயம் பூசிட்டு, ஒயர் நுனிக்கும் பூசிட்டு, தொட்டதும் ஒட்டற மாதிரி பண்ணணும். எல்இடி மேல இருக்கற சிலிகான் குமிழ விரலால தொடவே தொடாதீங்க. ரிஃப்ளெக்டர் உள்பக்கமும் துணி போட்டு துடைக்க கூடாது, அந்த பளபளப்பு ரொம்ப மெல்லிசு பூச்சு, ஒரு தடவை துடைச்சாலே கீறல் விழும். சூப்பர் க்ளூவும் வேண்டாம், அதோட ஆவி கண்ணாடி உள்பக்கம் வெள்ளையா படியும்.

டிரைவர் மாத்தியும் வெளிச்சம் ஏறலன்னா உடனே டிரைவர குறை சொல்லாதீங்க. வால் பக்கம் இருக்கற மெல்லிசு இரும்பு ஸ்பிரிங்கே நிறைய வோல்டேஜ முழுங்கும், அதுக்குள்ளயே ஒரு வளையற செம்பு ஒயர விட்டு ரெண்டு முனையிலயும் சால்டர் பண்ணிட்டா பெரிய வித்தியாசம் தெரியும். மரையில இருக்கற அழுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைங்க, அது வழியாத்தான் நெகட்டிவ் போகுது. கரண்ட் அளக்கறப்ப வால் மூடிய கழட்டிட்டு மீட்டர செல் நெகட்டிவுக்கும் பாடி விளிம்புக்கும் நடுவுல வைங்க, ஒயர 10 ஆம்பியர் ஓட்டையில மாத்த மறந்தா மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

செல் விஷயத்துல மட்டும் எந்த சமாதானமும் வேண்டாம். 18650 சைஸ்ல 9900 மில்லி ஆம்பியர் ஹவர்னு போட்டிருந்தா அது பொய், நல்ல செல்லுலயே 3500 பக்கம்தான் வரும். டிரைவர்ல லோ வோல்டேஜ் கட் (செல் ரொம்ப இறங்கினா தானா அணைக்கறது) இல்லன்னா பாதுகாப்பு சர்க்யூட் இருக்கற செல்லுதான் போடணும், லித்தியம் செல்ல ரொம்ப கீழ இறக்கிட்டு மறுபடி சார்ஜ் போடறது ஆபத்து. பாதுகாப்பு செல்லு சில மில்லிமீட்டர் நீளம் கூட இருக்கும், மூடிய முறுக்கி நசுக்கி உள்ள தள்ளாதீங்க, அடியில இருக்கற சின்ன போர்டு ஒடைஞ்சா பாதுகாப்பே இல்லாம போயிடும்.

எல்லாம் முடிஞ்சதும் ஹை மோடுல போட்டு கையில புடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் இருங்க, கண்டிப்பா கையிலதான், மேசையில வச்சிட்டு போகக்கூடாது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்துல தலைப்பக்கம் வெதுவெதுப்பாகணும், அப்படியே உடம்புக்கும் பரவணும். நல்ல கரண்ட் போயும் பாடி ஜில்லுன்னே இருந்தா சந்தோஷப்படாதீங்க, சூடு எல்இடி அடியிலயே மாட்டிக்கிட்டு இருக்கு, அணைச்சிட்டு பில்ல திரும்ப கழட்டி அந்த வட்டத் தகடு ஒழுங்கா உக்காந்திருக்கான்னு பாருங்க.