உங்கள் ஆப் தமிழ்ப் பெயரைத் தாங்குமா? பதிவுப் படிவத்தை டெஸ்ட் செய்யும் முறை, படிப்படியாக

2018 பிப்ரவரியில், ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களைத் திணறடித்தது. அந்த எழுத்து உள்ள செய்தியைத் திறந்ததும் ஆப் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி மூடியது. ஆப்பிள் அதே மாதம் ஐஓஎஸ் 11.2.6 பதிப்பை வெளியிட்டு அதைச் சரிசெய்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி தெலுங்கு.

நம் மொழிக்காரர்கள் டெஸ்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். தான் எழுதிய நிரல் ஓடுகிறதா என்றுதான் டெவலப்பர் பார்ப்பார். வெளியே இருப்பவர் அதை எப்படியெல்லாம் பயன்படுத்துவார் என்று பார்ப்பது டெஸ்டரின் வேலை. இதைத் தொடங்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு பதிவுப் படிவம் போதும். பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் என்று மூன்று கட்டங்கள் உள்ள படிவத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஆப்பைத் திறக்குமுன் கேள்வி கேளுங்கள்

ஆப் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிவைக்கும் தேவை ஆவணத்தில் "பெயர்: அதிகபட்சம் 30" என்று இருக்கும். முப்பது என்ன? மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை நாம் எண்ணினால் 9 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் தரும் யூனிகோட் கணக்கில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 16. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் (கணினிச் சேமிப்பின் அலகு) என்பதால் 48. டேட்டாபேஸில் அந்த முப்பது பைட் கணக்கில் இருந்தால், சேமித்த பெயர் "மீனாட்சிசு" என்று பாதியில் நின்றுவிடும். ஒரு வரி நிரல்கூட எழுதாத நிலையிலேயே இதைக் கேட்டுத் தெளியலாம். பிறகு கண்டுபிடித்தால் டேட்டாபேஸை மாற்றி, ஏற்கெனவே வெட்டுப்பட்ட பெயர்களையும் தேடித் திருத்த வேண்டும்.

படி 2: நேர்வழி

எல்லாக் கட்டங்களையும் சரியாக நிரப்பிப் பதிவு செய்யுங்கள். சேமித்ததைத் திறந்து, கொடுத்ததுதான் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இது தேறாவிட்டால் மேலே போகாமல் பில்டை (டெஸ்டுக்கு வந்த ஆப்பின் பதிப்பை) திருப்பி அனுப்புங்கள்.

படி 3: விளிம்புகளைத் தட்டிப் பாருங்கள்

பிழைகள் பெரும்பாலும் எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும். கைபேசி எண்ணுக்கு 10 இலக்கம் என்றால் 9, 10, 11 மூன்றையும் கொடுங்கள். முன்னால் +91 சேர்த்து ஒட்டுங்கள். நடுவில் இடைவெளி விடுங்கள். 18 வயது நிரம்பியவருக்கு மட்டும் என்றால், இன்று 18 முடிகிறவர், நாளை முடிகிறவர் என இரண்டு தேதிகள். பிப்ரவரி 29 கட்டாயம்: 2000 நெட்டாண்டு (லீப் வருடம்), 1900 இல்லை.

பெயர்க் கட்டத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் "ரமண" என்று கொடுங்கள், பிறகு "ரமணி". முதலாவதை ஏற்று இரண்டாவதை "தவறான எழுத்து" என்று ஆப் தள்ளினால் காரணம் இதுதான்: யூனிகோட் வகைப்பாட்டில் இகரக் குறியும் புள்ளியும் எழுத்து அல்ல, ஒட்டுக்குறி. "எழுத்துகள் மட்டும்" என்று விதி எழுதிய டெவலப்பருக்கு ஆங்கிலப் பெயர்களில் இது தெரியவே தெரியாது.

அடுத்து ஸ்ரீதர். இந்த ஸ்ரீயை ஸகரத்தாலும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறுவேறு. ஒன்றில் பதிவு செய்து மற்றதில் தேடுங்கள். ஆள் கிடைக்கிறாரா?

பிறகு முன்னெழுத்து. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான். "கடைசிப் பெயர்: குறைந்தது 2 எழுத்து" என்று படிவம் அடம்பிடித்தால் அது பிழை என்றே எழுதுங்கள். தன் பெயரைத் தவறாக எழுதினால்தான் உள்ளே விடுவேன் என்று ஓர் ஆப் ஒருவரிடம் சொல்வதை நாம் ஏற்கக் கூடாது.

பதிவு முடிந்ததும் தமிழில் குறுஞ்செய்தி போகுமென்றால் அதன் நீளத்தையும் எண்ணுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70 மட்டுமே. அதைத் தாண்டினால் இரண்டு செய்திகளாகும், கட்டணமும் கூடும்.

படி 4: போனைத் தொந்தரவு செய்யுங்கள்

பாதி நிரப்பியபின் திரையைத் திருப்புங்கள். வேறொரு போனிலிருந்து அழைப்பு வரவையுங்கள். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டுப் "பதிவு செய்" பொத்தானை அழுத்துங்கள். நெட் மெதுவாக இருக்கும்போது அதையே இரண்டு முறை அழுத்துங்கள். இரண்டு கணக்குகள் உருவாகின்றனவா? செட்டிங்ஸில் எழுத்தளவை மிகப் பெரிதாக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்படும். கண் மங்கிய முதியவர்கள் இந்த அளவில்தான் ஆப்பைப் பார்க்கிறார்கள். விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றிலும் இவற்றைச் செய்து பாருங்கள்.

படி 5: பிழையை எழுதுங்கள்

"பெயர் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் யாராலும் திருத்த முடியாது. இப்படி எழுதுங்கள்:

தலைப்பு: நீண்ட தமிழ்ப் பெயர் சேமித்தபின் வெட்டப்படுகிறது
செய்தது: பெயரில் "மீனாட்சிசுந்தரம்" இட்டு, பதிவு செய்து, சுயவிவரத்தைத் திறந்தேன்
எதிர்பார்த்தது: முழுப் பெயர்
நடந்தது: "மீனாட்சிசு"
எத்தனை முறை: ஒவ்வொரு முறையும்

இதோடு போன் மாதிரி, ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு, பில்ட் எண், திரைப்பதிவு ஆகியவற்றைச் சேருங்கள். தீவிரமும் (பிழையால் வரும் பாதிப்பு) முன்னுரிமையும் (எவ்வளவு சீக்கிரம் திருத்த வேண்டும்) வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள். முகப்பில் நிறுவனத்தின் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தால் தீவிரம் குறைவு, ஆனால் உடனே திருத்த வேண்டும். எழுதும்போது ஆளைக் குறை சொல்லாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

படி 6: திருத்தியபின் மறுபடியும்

பிழை சரியானது என்று டெவலப்பர் சொன்னதும் அந்த ஒன்றை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். பெயரின் நீளத்தை மாற்றியவர், அதே பெயரைக் காட்டும் ரசீதையோ தேடலையோ அறியாமல் உடைத்திருக்கலாம். சுற்றியுள்ளவற்றையும் ஓட்டிப் பார்ப்பதற்குத்தான் ரிக்ரஷன் டெஸ்டிங் என்று பெயர்.

மேலே கொடுத்த பெயர்கள், தேதிகள், எண்களை ஓர் எக்செல் தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு புதிய பில்ட் வரும்போதும் தேறியதா இல்லையா என்று குறியுங்கள். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரும் ஒவ்வொரு புதுப் பெயரையும் அதே தாளில் கடைசி வரியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.